மீனாட்சியம்மாளுக்குப் பதிலாக

தன் புருஷன் மதுரையில் பிறந்தவன் என்பது வெள்ளையம்மாவுக்குக் கல்யாணமாகி ஏழாவது வருஷம்தான் தெரிய வந்தது.

அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, ஆட்களெல்லாம் ரப்பர் மரங்களில் பால்வெட்டக் கலைந்த பிறகு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அவளை மட்டும் நிற்கச் சொன்னார். அவர் கையில் ரோஜா நிறத்தில் ஒரு நாடக நோட்டீஸ் இருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து வந்த சாமானுக்குச் சுற்றுக் காகிதமாக வந்ததாம்.

“கேட்டுக்கோ. ‘மதுரை மாநகரின் மடியில் தவழ்ந்து, ஆலய மணியோசையில் வளர்ந்து, கடல் கடந்து வந்து ஜொகூர் ரசிகர்களைக் கண்ணீரில் ஆழ்த்தும் ஸ்திரீபார்ட் திலகம், மதுரை முத்தழகு தாஸ் அவர்கள்.’ இந்தப் படத்தைப் பாரு. இது நம்ம அய்யாவு இல்ல?”

வெள்ளையம்மா பார்த்தாள். நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் வைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்தி அழுதுகொண்டிருந்தது அவள் புருஷன் அய்யாவுதான். வலது புருவத்தில் பால்வெட்டுக் கத்தி பட்ட தழும்பைப் பவுடரால் மறைக்க முடியவில்லை.

“அவருதாங்க. ஆனா ஆலயமணி ஏதுங்க? அவரு கேட்டு வளந்தது இந்தப் பெரட்டு மணிதானே?”

“அச்சுல போட்டிருக்கான் லா,” என்றார் கிராணி. “அச்சுல வந்ததை நீயும் நானும் மாத்த முடியுமா? வேலைக்குப் போ.”

அய்யாவுவின் அப்பன் இந்தச் சீமைக்கு ரயில் ரோடு போட வந்தவன். ரோடு முடிந்ததும் ஊர் திரும்பாமல் பாலோவிலேயே தோட்டத்தில் தங்கிவிட்டான். பாலோ ஸ்டேஷனுக்குக் கூரை போடுவதற்கு முன்பே அய்யாவு பிறந்தாயிற்று. மதுரை எந்தப் பக்கம் என்று கேட்டால், சூரியன் மறைகிற பக்கம் கையைக் காட்டுவான். அவ்வளவுதான் அவனுக்கும் மதுரைக்கும் இருந்த சம்பந்தம்.

ஆனால் பாட்டு இருந்தது. மரத்துக்கு மரம் போகும்போது பெண்குரலில் அவன் பாடினால், பக்கத்து மர நிரையில் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மாரியம்மன் திருவிழாவில் அவன் பெண்வேஷம் கட்டி ஒப்பாரி வைத்தபோது, துரையின் நாய் கூட அழுதது என்று தோட்டத்தில் சொல்லிக்கொள்வார்கள். அந்தத் திருவிழாவுக்கு ஹார்மோனியம் வாசிக்க வந்த அபூபக்கர்தான் அவனை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போனார்.

“ஆறு மாசம், தங்கச்சி. பேரு எடுத்ததும் உங்களையும் புள்ளையையும் வந்து கூட்டிக்குவாரு,” என்று அவர் சொன்னார். அப்படித்தான் அவரும் நம்பினார்.

அங்கே நடந்ததையெல்லாம் பின்னால் அபூபக்கர்தான் அவளுக்குச் சொன்னார்.

ஜொகூர் மதுரை நாடக அபிமான சபை என்பது ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. அங்கத்தினர் இருபத்தொரு பேர். விதிகள் நூற்று நாற்பத்தாறு. நான்காவது விதி, சபை மேடையில் மதுரையில் பிறந்த நடிகர்கள் மட்டுமே நடிக்கலாம் என்றது. அங்கத்தினர்களில் ஒருவரும் மதுரையைப் பார்த்ததில்லை. தலைவர் தங்கராஜுப் பிள்ளை மட்டும் சின்ன வயதில் ரயிலில் அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறார். அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே மதுரை சம்பந்தப்பட்ட எல்லா விஷயங்களிலும் அவர் சொல்வதே முடிவு.

மதுரையில் மெய்யாகவே மூன்று வருஷம் குடியிருந்தவர் அபூபக்கர் ஒருவர்தான். கீழக்கரையில் பிறந்து, மதுரையில் வாத்தியம் கற்றுக்கொண்டு, பிறகு கப்பலேறியவர். ஒரு கூட்டத்தில் அவர் வாய்தவறி, வைகையில் முக்கால்வாசி நாள் மணல்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். சபை திடுக்கிட்டுப்போயிற்று. வைகையில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது என்று அன்று மாலையே ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டு ஏகமனதாக நிறைவேறியது. அதிலிருந்து அபூபக்கர் மதுரைக்காரர்தானா என்பதில் சபைக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அய்யாவு அவர்கள் முன் நின்று ஒரு பாட்டுப் பாடினான். காரியதரிசி மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“பிறந்த ஊர்?”

“பாலோங்க.”

“அது மதுரைக்கு எந்தப் பக்கம்?”

“இங்கதாங்க. குளுவாங் தாண்டி.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நீ பாடியதை நாங்கள் கேட்டோம். இந்தக் குரல் மதுரைக்குரல். மதுரையில் பிறக்காதவனுக்கு இந்தக் குரல் வராது. உனக்கு வந்திருக்கிறது. ஆகவே நீ எங்கே பிறந்தாய் என்பது உனக்குத் தெரியவில்லை.”

“எங்கப்பாதாங்க சொன்னாரு...”

“உன் தகப்பனார் ரயில் பாதை போட்ட மனிதர். கலையைப்பற்றி அவருக்கு என்ன தெரியும்?”

காரியதரிசி பிரேரேபித்தார், பொருளாளர் ஆமோதித்தார். அய்யாவு மதுரையில், கோயிலுக்கு மேற்கே நாலாவது வீட்டில், ஒரு சித்திரை மாதத்தில் பிறந்தான். பெயர் முத்தழகு தாஸ். குடும்பம் இல்லாத நடிகருக்குக் கௌரவம் போதாது என்று துணைத்தலைவர் ஒரு திருத்தம் கொண்டுவந்ததால், மதுரையில் அவனுக்கு மீனாட்சியம்மாள் என்ற மனைவியும், இரண்டு ஆண் குழந்தைகளும் உண்டாயினர். எல்லாம் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறிற்று. இந்த ஊர்க்காரன் மாதிரி ‘லா’ போட்டுப் பேசக் கூடாது, வியந்தால் ‘அலமாக்’ என்று வாய்விடக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

இரண்டு வருஷத்தில் சபை ஒரு சிறு புத்தகமும் போட்டது. ‘மதுரை தந்த மாமணிகள்’ என்று பெயர். ஜொகூர் மேடையில் ஒளிவிடும் மதுரை நடிகர்கள் பதினேழு பேரின் சரித்திரம் அதில் இருந்தது. அந்தப் பதினேழு பேரில் ஐந்து பேர் ஜொகூரிலேயே மூவாரில் பிறந்தவர்கள், நாலு பேர் பத்து பஹாட் ஊர்க்காரர்கள். இரண்டாவது ஸ்திரீபார்ட் மதுரை வேலாயுத தாஸ், மெர்சிங்கில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த வேலு. மற்றவர்களும் இப்படித்தான். ஒவ்வொருவரும் மற்ற பதினாறு பேரும் மெய்யாகவே மதுரைக்காரர்கள் என்று நம்பி, அவர்கள் முன்னால் பயந்து பயந்து பேசினார்கள்.

இதெல்லாம் தெரியாமல் வெள்ளையம்மா பாலோவில் காத்திருந்தாள். முதல் வருஷம் அய்யாவு மூன்று தடவை வந்தான். அடுத்த வருஷம் ஒரு தடவை. அப்போது அவன் பேச்சே மாறியிருந்தது. மகள் செல்வராணியை “வாருங்கள் கண்ணே” என்று கூப்பிட்டான். அது பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அதன் பிறகு எட்டு மாதம் ஆளே வரவில்லை. ரோஜா நிற நோட்டீஸ்தான் வந்தது.

அவள் கிராணியிடம் இரண்டு நாள் லீவு கேட்டு, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

சபையின் மாடிப்படி ஏறியதும் மனோகரன் அவளை வழிமறித்தார்.

“யாரைப் பார்க்க வேண்டும்?”

“அய்யாவுங்க. எங்க வீட்டுக்காரரு.”

“அப்படி யாரும் இங்கே இல்லை.”

அதற்குள் உள்ளே ஒத்திகை முடிந்து அய்யாவு வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் மலர்ந்ததை அவள் கண்டாள். அடுத்த கணம் அவன் கண் காரியதரிசியின் பக்கம் போயிற்று.

“அப்பா!” என்று செல்வராணி ஓடிப்போய் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

மனோகரன் பேனாவை எடுத்தார். “மிஸ்டர் தாஸ், உங்களுக்கு மதுரையில் இரண்டு ஆண் குழந்தைகள் அல்லவா? புத்தகத்தில் பெண் குழந்தை இல்லையே.”

அய்யாவு பிள்ளையின் தலையில் கையை வைத்தான். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டான்.

“தெரிஞ்சவங்கதாங்க,” என்றான். “எம் பாட்டுன்னா அவங்களுக்கு உசுரு.”

“அப்படியானால் ரசிகை,” என்று மனோகரன் நிம்மதியோடு எழுதிக்கொண்டார். “பாலோ ரசிகை, குழந்தையுடன். ரசிகர்களுக்கு நாங்கள் கடைசி வரிசையில் இடம் தருகிறோம். வெற்றிலை போடக் கூடாது.”

அன்று மத்தியானம் அபூபக்கர் அவர்கள் மூவரையும் தன் சிநேகிதரின் சோற்றுக்கடைப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். அய்யாவு மகளைத் தூக்கி மடியில் வைத்து, அது ஊர்க்கதை சொல்லச் சொல்ல அழுதான். மேடை அழுகை இல்லை அது. மூக்கு ஒழுகுகிற அழுகை.

“அடிச்சிடு புள்ள. ரெண்டு அடி அடிச்சிடு,” என்றான்.

“ஊருக்கு வாங்க.”

“பாலோவுல நா பால் வெட்டுறவன், வெள்ளையம்மா. இங்க நா மேடையில அழுதா எண்ணூறு பேரு அழுவுறாங்க.”

“அங்க ஒருத்தி அழுவுறாளே. அது பத்தலீங்களா?”

அவன் சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினான். அவளுக்கும் ஒரு கவளம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கையை எட்டு மாதமாகப் பார்க்கவில்லை.

ஆட்டத்தைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாள். புருஷனை இழந்த பத்தினியாக அவன் வந்து விழுந்து அழுதபோது, கொட்டகையே விம்மியது. பக்கத்தில் இருந்த கிழவர், “மதுரைக்காரன் மதுரைக்காரன்தான்!” என்றார். வெள்ளையம்மாவுக்குப் பெருமையாக இருந்தது; மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மறுநாள் பாலோவுக்குத் திரும்பிவிட்டாள். சுல்தான் பிறந்தநாள் ஆட்டம் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுவதாக அய்யாவு சொல்லியனுப்பினான்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அபூபக்கர் பாலோ ஸ்டேஷனில் வந்து இறங்கினார். ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் அவரைக் கண்டதுமே வெள்ளையம்மா பால் வாளியைக் கீழே வைத்தாள்.

“காய்ச்சல், தங்கச்சி. நாலு நாளா. ஆஸ்பத்திரியில கெடக்காரு. புள்ளையையும் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க.”

ஆஸ்பத்திரியில் டாக்டரும் தாதிகளும் யாரையும் தடுக்கவில்லை. தடுத்தது சபைதான். புகழ்பெற்ற மதுரை நடிகரைக் கண்டவர்களும் வந்து தொந்தரவு செய்யாதபடி, வார்டு வாசலில் மனோகரன் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தோடும் ஒரு பட்டியலோடும் உட்கார்ந்திருந்தார். முதலில் தலைவர், பிறகு துணைத்தலைவர், நிர்வாகிகள், அங்கத்தினர்கள், புரவலர்கள், கடைசியில் ரசிகர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எவ்வளவு நேரம், என்ன ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

“இவங்க அவரு சம்சாரம்ங்க,” என்றார் அபூபக்கர். “அல்லா சத்தியமா. எனக்குத் தெரியும்.”

“நீங்கள் சபையின் வாத்தியக்காரர். அங்கத்தினர் அல்ல. உங்களுக்கு வாசிக்கத்தான் உரிமை, பேச உரிமை இல்லை,” என்றார் மனோகரன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆகவே சற்று யோசித்து, “ஏதாவது தெரிவிக்க விரும்பினால் வாசித்துக் காட்டலாம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

காலை வண்டியில் வந்தவளுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. பிள்ளையை அபூபக்கரிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். அய்யாவு கட்டிலில் குச்சியாகக் கிடந்தான். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது, ஆனால் அடையாளம் காணவில்லை.

“மதுரைக்குப் போவணும்,” என்றான்.

இத்தனை வருஷமாகச் சபைக்காரர்கள் சொல்லிச் சொல்லி, மதுரையை உள்ளே இறக்கிவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

“மதுரையில யாருங்க இருக்கா?”

“எல்லாரும் இருக்காங்க. கோயிலுக்குப் பின்னால ரயில் ரோடு. அதைத் தாண்டினா ரப்பர் மரமா இருக்கும். ஏழாம் நம்பர் லயம். வெள்ளையம்மா இந்நேரம் வந்து அடுப்பு மூட்டியிருப்பா. ஈர வெறகு. ஊதி ஊதிக் கண்ணு செவந்து போயிருக்கும் அவளுக்கு.” மூச்சு வாங்கினான். “ரொம்ப நாளாச்சுங்க. போனா வீட்டுக்குள்ள விடுவாளோ என்னவோ. நீங்க யாரு?”

வாசலில் மனோகரன் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார்.

வெள்ளையம்மா குனிந்து அவன் தலைமுடியைக் கோதினாள்.

“நா மதுரையிலேருந்துதாங்க வர்றேன்,” என்றாள். “அவங்க நல்லா இருக்காங்க. உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லியாம். வரச் சொன்னாங்க.”

“வரச் சொன்னாளா?”

“வரச் சொன்னாங்க.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். நேரம் முடிந்தது என்று மனோகரன் நாற்காலியைத் தட்டினார். அவள் வெளியே வந்தபோது, “ரசிகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டே வார்த்தையில் நோயாளி சிரிக்கிறார்,” என்று பாராட்டினார்.

மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அய்யாவு போய்விட்டான்.

உடலைச் சபை பொறுப்பேற்றுக்கொண்டது. நாடகக் கொட்டகையின் மேடையில், கோபுரம் வரைந்த திரைக்கு முன்னால், அவனைக் கிடத்தி மாலை போட்டார்கள். முகத்துக்கு மேடைப் பவுடரும் பூசினார்கள். மதுரைக்குத் தந்தி போயிற்று: மீனாட்சியம்மாள், கோயிலுக்கு மேற்கே நாலாவது வீடு. மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. அப்படி ஒரு ஆள் அந்த விலாசத்தில் இல்லை.

மனோகரன் அதை மேடையில் ஏறிப் படித்தார்.

“துக்கம் தாளாமல் அம்மையார் வீட்டைவிட்டே போய்விட்டார் என்று தெரிகிறது. அவருடைய கற்புக்குச் சபை தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. வெள்ளையம்மா, அபூபக்கர் இடம் பிடித்துக் கொடுத்த மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அந்த மீனாட்சியம்மாளுக்காக இரண்டு பெண்கள் அவள் பக்கத்திலேயே மூக்கைச் சிந்தினார்கள். “பாவம், ரெண்டு ஆம்பளப் புள்ளைங்களாம்,” என்று ஒருத்தி அவளிடம் சொன்னாள்.

பிறகு தங்கராஜுப் பிள்ளை பேசினார். முக்கால் மணி நேரம் பேசினார்.

“மகாஜனங்களே! இந்த நடிகர் யார்? மதுரை மண் பெற்ற மைந்தர். இவரை மதுரை நமக்குத் தந்தது. நாம் மதுரைக்கு என்ன தந்தோம்? இந்தச் சபையைத் தந்தோம். இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏன் நடிப்பு வரவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். வந்தால் நாங்கள் அவர்களை இந்த நாட்டில் பிறக்க விட்டிருப்போமா? மதுரையைப் பார்க்காதவன் கலையை அறியாதவன் என்பது என் கொள்கை. நானும் ஒருநாள் அதைப் பார்க்கத்தான் போகிறேன்!”

கைதட்டினார்கள். அய்யாவுவின் பாட்டின் மேல் தலைவருக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. அய்யாவுவின் மேல் என்ன இருந்தது என்று யோசிக்க அவருக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

நிகழ்ச்சிநிரலில் அடுத்தது மனைவியின் பிரலாபம். மனைவி வர இயலாததால், இரண்டாவது ஸ்திரீபார்ட் வேலாயுத தாஸ் அவர் ஸ்தானத்தில் அமர்ந்து அழுவார் என்று அறிவித்தார்கள். வேலு வெள்ளைச் சேலை கட்டி, தலைவிரிகோலமாக வந்து உடலின் பக்கத்தில் உட்கார்ந்தான். மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினான். அப்போது மூன்றாவது வரிசை அவன் கண்ணில் பட்டது. மாடிப்படியில் செல்வராணி ஓடி வந்து அய்யாவுவின் காலைக் கட்டிக்கொண்ட அன்று, அவனும் கதவோரம் நின்றவன்தான்.

ஓங்கிய கை இறங்கவில்லை. அவன் எழுந்துவிட்டான்.

“முடியாதுங்க. அந்தக்கா அங்க உக்காந்திருக்கு. அத வச்சுக்கிட்டு நா எப்படிங்க அழுவுறது?”

சபை உடலின் தலைமாட்டிலேயே அவசரக் கூட்டம் கூடியது. நடிகர் ஒருவர் நடிக்க முடியாமற்போனால் இன்னொருவரைப் பதிலாக நிறுத்தலாம் என்று எண்பத்தெட்டாவது விதி சொன்னது. இந்தப் பெண்ணுக்குத் துக்கம் இருப்பதாகத் தெரிகிறது, அவளை நிறுத்தலாம் என்று அபூபக்கர் பின்னாலிருந்து கெஞ்சினார். ஆனால் நான்காவது விதி குறுக்கே நின்றது. பாலோக்காரி சபை மேடையில் ஏற முடியாது. கடைசியில் தலைவரே வழி கண்டுபிடித்தார்.

மனோகரன் கீழே இறங்கி வந்தார்.

“அம்மா, நீ மதுரையில் பிறந்தவள் என்று இப்போதுதான் தீர்மானம் ஆகியிருக்கிறது. ஒப்புக்கொள்கிறாயா?”

“சரிங்க.”

“வேலாயுத தாஸுக்குப் பதிலாக நீ மீனாட்சியம்மாளாக அழ வேண்டும். இறந்தவர் உனக்கு உறவு அல்ல என்பதை ஞாபகம் வைத்துக்கொள். வேறு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.”

“சரிங்க.”

அந்த நேரத்தில் அவள் எதற்கும் சரி என்றிருப்பாள். எட்டடி தூரத்தில் அவன் கிடந்தான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய பச்சைச் சேலையை மாற்றி, வேலு அவிழ்த்த வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டார்கள். கழுத்தில் சபையின் பித்தளைத் தாலியைப் போட்டார்கள். “உன்னுடையதை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்,” என்றார் மனோகரன். “அதைத் தொட்டுவிடாதே. மூன்றாவது மணி அடிக்கும்போது இதைத்தான் அறுக்க வேண்டும். இதுதான் மீனாட்சியம்மாளுடையது.”

செல்வராணியும் கூடவே மேடையேறப் பார்த்தாள். “குழந்தை வேஷம் நிகழ்ச்சிநிரலில் இல்லை,” என்று ஒரு அங்கத்தினர் தடுத்துவிட்டார். அபூபக்கர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், அங்கிருந்தாவது அப்பாவின் முகம் தெரியட்டும் என்று.

வெள்ளையம்மா புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்டகை காத்திருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. முந்தானை நுனியை எடுத்து, அவன் வலது புருவத்திலிருந்த பவுடரை மெதுவாகத் துடைத்தாள். தழும்பு வெளியே வந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அழு அம்மா,” என்று திரைக்குப் பின்னாலிருந்து மனோகரன் கிசுகிசுத்தார். “ஜனங்கள் பார்க்கிறார்கள். மார்பில் அடித்துக்கொள்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் மணி அடித்தது, இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவதுக்குப் பித்தளைத் தாலியைக் கழற்றிக் கீழே வைத்தாள், சொன்னபடி அறுக்கக்கூட இல்லை. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். சிலர் எழுந்து போனார்கள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. மதுரையிலுள்ள மூத்த மகனின் சார்பில் காரியதரிசியே கொள்ளி வைத்தார். வெள்ளையம்மா சாலையோரத்தில் மகளோடு நின்று, புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபையார் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து கூடி நடவடிக்கை எழுதினார்கள். பிரேதத்துக்கு முன் பதிலாக நடித்த பெண்ணின் நடிப்பில் சோகரசம் போதவில்லை, மீனாட்சியம்மாள் இப்படியா அழுதிருப்பார் என்று இரண்டு அங்கத்தினர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். இனி அவருக்குச் சந்தர்ப்பம் அளிப்பதில்லை என்று முடிவாயிற்று.

பிறகு மனோகரன் படியிறங்கி, கீழே காத்திருந்த வெள்ளையம்மாவிடம் வந்தார்.

“சேலை சபையுடையது, அம்மா.”

“எந்தச் சேலைங்க?”

“நீ கட்டியிருப்பது. அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது.”

சோற்றுக்கடைப் பின்கட்டில் போய் வெள்ளைச் சேலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தாள். தன் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அதை அழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அழிப்பதற்கு எந்தப் பெண்ணும் அருகில் இல்லை.

அபூபக்கர் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். பிள்ளைக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். வண்டி புறப்படுகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாந்தானே அவரைக் கூட்டிக்கிட்டு வந்தேன், தங்கச்சி.”

“நீங்க வாசிச்சீங்க, அவரு பாடுனாரு,” என்றாள் வெள்ளையம்மா. “அதுல என்ன தப்பு இருக்கு, பாய்.”

எதிர்ப் பலகையில் ஒரு முஸ்லிம் அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். குளுவாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர் வீட்டுக்காரி, பெயர் காதர் பீவி. மடியில் ஒரு மூட்டை. மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புவதாக அவரே சொன்னார். அவர்கள் பாலோவுக்குப் போவதைக் கேட்டுக்கொண்டு, குலாய் ஸ்டேஷன் தாண்டும் வரை செல்வராணியோடு பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்கிவிட்டது. பிறகு அவர் வெள்ளையம்மாவின் குங்குமத்தையும், கழுத்து மஞ்சள் கயிற்றையும் பார்த்து, பேச்சுக்குத்தான் கேட்டார்:

“வீட்டுக்காரரு கூட வரலியாம்மா?”

வெள்ளையம்மா பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையது என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. “ஏ எஞ் சாமீ... ஏ எம் அய்யாவு...” என்று பெட்டி முழுக்கக் கேட்கிறாற்போல் கதறினாள். பலகையில் தலையை முட்டிக்கொண்டாள். தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அடுத்த பெட்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து கதவில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

காதர் பீவி மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு எழுந்து வந்து, அவள் தலைக்கும் பலகைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தார். விழித்துக்கொண்டு அலறிய பிள்ளையை இன்னொரு கையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

லாயாங் லாயாங் ஸ்டேஷன் போயிற்று. ரெங்கம் போயிற்று. அவள் நிறுத்தவில்லை.

குளுவாங்கில் வண்டி வெகுநேரம் நின்றது. பிளாட்பாரத்தில் ஒருவர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, “காதர் பீவி! காதர் பீவி!” என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டு வந்தார்.

“நீங்க வீட்டுக்குப் போங்க,” என்று காதர் பீவி உள்ளேயிருந்து புருஷனிடம் சொன்னார். “நா பாலோ வரைக்கும் போயிட்டு வர்றேன்.”